ஆடி மாதத்துக்கும் சந்தா கட்டவேண்டுமா?

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. புரட்டாசியில் பல வீடுகளில் கல்யாணப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். கல்யாண ஆர்டரை நம்பி ஸ்டூடியோ நடத்துகிறவர்களுக்கு வருஷத்தில் இந்த மூன்றும் கையைக் கடிக்கும் மாதங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும், பள்ளிக்கூட அடையாள அட்டைக்கான படங்களும், பழைய படத்தைப் புதுப்பித்துத் தரும் வேலையும் சேர்ந்துதான் கடை வாடகையையும் கரன்ட் பில்லையும் ஈடுகட்டுகின்றன. அந்த மாதங்களிலும் தவறாமல் ஒரு தொகை கார்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது. அது படம் திருத்தும் மென்பொருளுக்கான சந்தா. வேலை இருந்தாலும் கட்டவேண்டும், இல்லாவிட்டாலும் கட்டவேண்டும். கட்டாமல் விட்டால் மென்பொருள் பூட்டிக்கொள்ளும்.

இது ஸ்டூடியோக்காரர்களின் கவலை மட்டுமல்ல. கோயில் சிற்பங்களைத் தேடித் தேடிப் படமெடுப்பவர்கள், வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பறவைகளுக்காகக் காத்துக் கிடப்பவர்கள், வீட்டிலிருந்தபடியே புடவை விற்கும் பெண்கள், விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் என்று படம் திருத்தவேண்டிய கூட்டம் பெருகிவிட்டது. மாதாமாதம் பணம் கட்டாமல், திருட்டு நகலையும் தொடாமல், ஒழுங்காக வேலை செய்ய வழி உண்டா என்பதுதான் இவர்கள் எல்லோருடைய கேள்வியும்.

நிச்சயமாக உண்டு. ஆனால் 'ஃபோட்டோஷாப்புக்குப் பதில் எது?' என்று ஒற்றைப் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நாம் செய்யும் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தகுந்த கருவியைப் பிடிக்கவேண்டும். அப்படித் தேடும்போது விலையைவிட முக்கியமான இன்னொரு கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளவேண்டும். நான் இன்று திருத்திய படத்தைப் பத்து வருஷம் கழித்து, யாருடைய அனுமதியும் இல்லாமல், திரும்பத் திறந்து வேலை செய்ய முடியுமா?

சொந்தமாக இருந்தது கைமாறிய கதை

ஃபோட்டோஷாப் பிறந்தது ஒரு வீட்டில். அதை உருவாக்கியவர்கள், தந்தை வீட்டின் அடித்தளத்தில் வைத்திருந்த இருட்டறையில் படம் கழுவிப் பழகிய சகோதரர்கள் தாமஸ் நோலும் ஜான் நோலும். தாமஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1987-ல் இதை எழுதத் தொடங்கினார். தம்பி ஜான் ஹாலிவுட் படங்களுக்குத் தந்திரக் காட்சி செய்யும் நிறுவனத்தில் இருந்தார். அடோபி நிறுவனம் உரிமம் பெற்று 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக இது பெட்டியில் விற்ற பொருள். விலை அதிகம்தான், 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்பின் விலை 699 டாலர். ஆனால் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. அடுத்த பதிப்பு வேண்டுமா வேண்டாமா என்பது வாங்கியவர் விருப்பம்.

2013 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த தன் மாநாட்டில், இனிப் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அடோபி அறிவித்தது. கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் 'ராவ்' படங்களுக்கான லைட்ரூம் இன்னும் சில வருஷம் தப்பியது. 2015-ல் வந்த லைட்ரூம் 6-தான் சொந்தமாக வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு. விலை 149 டாலர். லைட்ரூம், ஃபோட்டோஷாப் இரண்டும் சேர்ந்த போட்டோகிராபர் சந்தா அப்போது மாதம் 9.99 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். லைட்ரூமை சொந்தமாக வாங்கும் பணம் பதினைந்து மாதச் சந்தாவிலேயே தீர்ந்துவிடும். பதினாறாவது மாதத்திலிருந்து கட்டுவதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த வேலையைத் தொடர்ந்து செய்ய அனுமதி வாங்குவதற்கான பணம்.

அந்த 9.99 டாலரும் நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில் அந்தத் திட்டம் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே மாதாமாதம் கட்டிவந்தவர்களுக்கு 14.99 ஆனது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதம் 19.99 டாலர் திட்டம்தான் மிச்சம். இவை அமெரிக்க விலைகள். நம் ஊரில் ரூபாயில் தனி விலை, அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. வீட்டு உபயோகத்துக்கென்று அதே நிறுவனம் விற்றுவந்த ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ் கடைசிவரை 'வாங்கும்' பொருளாக இருந்தது. 2025 பதிப்பிலிருந்து அதற்கும் மூன்று வருஷக் கெடு வந்துவிட்டது.

பலர் கவனிக்காத இடம் ஒப்பந்தம். 'மாதம் இவ்வளவு' என்று விளம்பரத்தில் தெரிவது பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம். பணத்தை மட்டும் மாதத் தவணையில் எடுக்கிறார்கள். முதல் 14 நாளுக்குப் பிறகு பாதியில் விலகினால் மீதமுள்ள மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டவேண்டும். இந்த நிபந்தனையை மக்கள் கண்ணில் படாதபடி வைத்திருக்கிறார்கள், விலகுவதைக் கடினமாக்கியிருக்கிறார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மீது வழக்குப் போட்டது. நிறுவனம் அதை மறுத்தது. நம் ஊரில் இருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று உதவும். தானாகப் பிடிக்கும் தொகைக்கு, பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். ஆனால் வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிட்டால் ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. நிறுவனத்தின் கணக்கில் உள்ளே போய் முறைப்படி ரத்து செய்யவேண்டும்.

'கிராக்' என்னும் பழக்கம்

நம் ஊர்க் கடைகளில் இதற்கெல்லாம் ஒரு பதில் நெடுநாளாக இருக்கிறது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருபவரே பென் டிரைவில் கொண்டுவந்து 'போட்டுத்' தருவார். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும். வருமானம் குறைந்த தொழிலில், ஐம்பதாயிரம் அறுபதாயிரம் டாலர் சம்பளம் வாங்குகிற நாட்டுக்கு வைத்த விலையைச் செங்கல்பட்டுக் கடைக்காரரிடம் கேட்டால் அவர் வேறென்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதில் உள்ள அபாயத்தை முழுக்கத் தாங்குவதும் அவர்தான்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி பிரிவு இதற்கென்றே இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சம்பாதிப்பதற்காகப் பயன்படுத்தாதவர்களுக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம். ஸ்டூடியோவுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. கிராக் போடும்போது ஆன்ட்டி வைரஸை அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்த கம்ப்யூட்டரில்தான் இன்னும் டெலிவரி கொடுக்காத நாலு கல்யாணத்தின் படங்கள் இருக்கின்றன. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் இப்படித்தான் உள்ளே வரும். போன தாலிகட்டைத் திரும்ப எடுக்க முடியாது.

ராவ் படத்துக்கு முதலில் கேமரா கம்பெனியைக் கேளுங்கள்

கல்யாணப் படமோ பறவைப் படமோ, வேலை தொடங்குவது ராவ் கோப்பில். வெளிச்சத்தைக் கூட்டுவது, மண்டபத்து மஞ்சள் விளக்கைச் சரிக்கட்டுவது, இருட்டில் எடுத்ததன் புள்ளிகளைக் குறைப்பது எல்லாம் இங்கேதான். லைட்ரூம் இல்லாமல் இது முடியாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கேமரா வாங்கியபோதே இதற்கான மென்பொருளுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

கேனன் வைத்திருப்பவர்களுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல் இருக்கிறது. நிக்கானுக்கு 2021-ல் வந்த என்.எக்ஸ். ஸ்டூடியோ. சோனிக்கு இமேஜிங் எட்ஜ். எல்லாம் அந்தந்த நிறுவனத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஃபியூஜிபிலிமின் எக்ஸ் ராவ் ஸ்டூடியோ இன்னும் சுவாரசியமானது. கேமராவை யு.எஸ்.பி. வயரில் மாட்டிவிட்டால், படத்தைப் பதப்படுத்தும் வேலையைக் கேமராவுக்குள் இருக்கும் சிப்பே செய்து கொடுக்கும். பழைய கம்ப்யூட்டரே போதும். இவற்றில் ஒரு பெரிய லாபம் நிறம். கேமராவின் பின்திரையில் பார்த்த அதே தோல் நிறம், அதே பட்டுப்புடவைச் சிவப்பு, எந்தத் திருகலும் இல்லாமல் வரும். குறைகளும் உண்டு. தன் கம்பெனிப் படத்தை மட்டுமே தொடும். சில மெதுவாக ஓடும். படத்தின் ஒரு பகுதியை மட்டும் நுணுக்கமாகத் திருத்தும் வசதி குறைவு.

அதற்கு மேல் வேண்டுபவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்கள் காத்திருக்கின்றன. டார்க்டேபிள், ராதெரபி என்ற இரண்டும் முக்கியமானவை. இவை எப்படிச் சாத்தியமாயின என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கேமரா கம்பெனிகள் தங்கள் ராவ் கோப்பின் உள்ளமைப்பை வெளியில் சொல்வதில்லை. 1997-ல் டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் ஒவ்வொரு கேமராவின் கோப்பையும் தானே பிரித்துப் பிரித்துப் பார்த்து, அதைத் திறக்கும் நிரலை எழுதத் தொடங்கினார். டிசிரா என்ற அந்தச் சிறு நிரலை எல்லோருக்கும் கொடுத்தார். புதுப்புதுக் கேமராக்கள் வர வர வருஷக்கணக்கில் அதைச் செய்துகொண்டே இருந்தார். இன்று காசில்லாமல் ராவ் திறக்கும் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் அவருடைய உழைப்போ அதன் வழிவந்த நூலகமோ இருக்கிறது.

டார்க்டேபிளை 2009-ல் யோகன்னஸ் ஹனிக்கா தொடங்கினார். 2017 டிசம்பரிலிருந்து விண்டோஸிலும் ஓடுகிறது. இப்போது ஜூனிலும் டிசம்பரிலுமாக வருஷத்துக்கு இரண்டு பதிப்பு வருகிறது. முதலில் திறந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், காரணம் படம் மங்கலாக, உப்புச்சப்பில்லாமல் தெரியும். கேமரா தானாகப் போடும் மெருகை இது போடாது. போடும் பொறுப்பு நம்முடையது. எக்ஸ்போஷர், நிறச் சமன், 'ஃபில்மிக்' அல்லது 'சிக்மாய்டு' என்ற தொகுதி, இந்த மூன்றை மட்டும் முதலில் பழகுங்கள். மண்டபத்தில் எடுத்த படங்களுக்கு 'டீநாய்ஸ் புரொஃபைல்டு' மிகவும் உதவும். கேமரா மாடலுக்கும் ஐ.எஸ்.ஓ.வுக்கும் தகுந்தபடி முன்பே அளந்து வைத்த கணக்கைக் கொண்டு புள்ளிகளைக் குறைக்கும். ஒரு படத்தில் செய்ததை 'ஸ்டைல்' ஆகச் சேமித்து, அதே வெளிச்சத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே சொடுக்கில் கொடுத்துவிடலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வேகம் வேறு மாதிரி.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நாம் செய்த திருத்தங்களை அது வைத்திருக்கும் விதம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஒரு சிறு எக்ஸ்.எம்.பி. கோப்பு எழுதி வைக்கும். படத்தையும் அதையும் சேர்த்து வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போனால் வேலையும் கூடவே வந்துவிடும்.

ராதெரபியை ஹங்கேரிக்காரர் காபோர் ஹோர்வாத் எழுதினார். 2010-ல் கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. இதில் கேட்டலாக் தொந்தரவு இல்லை. போல்டரைத் திறந்தால் படம். ஒரு படத்தை உட்கார்ந்து செதுக்குகிற கோயில், இயற்கைப் படக்காரர்களுக்கு இது பொருந்தும். ஆயிரம் படத்தை ஓர் இரவில் தள்ளவேண்டியவர்களுக்கு டார்க்டேபிள்தான் என் பரிந்துரை.

டச்சிங்குக்கு ஜிம்ப்

பருவை எடுப்பது, பின்னால் நிற்கும் ஆளை அழிப்பது, வெட்டி ஒட்டுவது இதெல்லாம் ஜிம்ப்பின் வேலை. பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-ல் தொடங்கியது. சந்தா அறிவிப்புக்கெல்லாம் முன்பே பிறந்து, இன்றுவரை ஒரு பைசா கேட்காமல் வளர்ந்திருக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தில் படம் திருத்தப் பழகுவதே ஜிம்ப்பில்தான். நம் பள்ளிகளிலும் இப்படி ஒரு பாடம் இருந்தால் ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வரும் பையன் 'கிராக்' என்ற சொல்லையே அறியாமல் வருவான்.

ஜிம்ப் மீது நியாயமான ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. ஒரு ஃபில்டரைப் போட்டால் அது படத்திலேயே ஒட்டிவிடும். பிறகு மாற்ற நினைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பித்தான் வரவேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு அதைத் தீர்த்தது. இப்போது ஃபில்டர் லேயரின் மேலேயே நிற்கும். எப்போது வேண்டுமானாலும் திறந்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம். முன்பு முயன்று கைவிட்டவர்கள் இந்தப் பதிப்பை ஒருமுறை பார்க்கவேண்டும். முகத் தோலுக்கு 'வேவ்லெட் டீகம்போஸ்' என்ற ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. தோலின் நிறத்தையும் அதன் மேலுள்ள நுண்ணிய கோடுகளையும் தனித்தனி லேயராகப் பிரித்துத் தரும். நிறத் திட்டுகளை மட்டும் சமப்படுத்தி, தோலின் இயல்பான சொரசொரப்பை விட்டுவைக்கலாம். மணமகள் முகத்தை மெழுகு பொம்மையாக்காமல் திருத்த இதைவிட நல்ல வழி குறைவு.

ஜிம்ப்பில் சி.எம்.ஒய்.கே. இல்லை என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். படம் திருத்துவது ஆர்.ஜி.பி.யில்தான் என்பது உண்மை. இருந்தாலும் 3.0-வில் அச்சில் எப்படி வரும் என்று முன்னோட்டம் பார்க்கவும் சி.எம்.ஒய்.கே.யில் ஏற்றுமதி செய்யவும் முடிகிறது. ஆனால் ஆல்பத்துக்கு இது தேவையே இல்லை. போட்டோ பேப்பரில் லேசர் ஒளியால் படம் பதிக்கும் லேப் மெஷின்கள் சிவப்பு, பச்சை, நீலத்தில்தான் வேலை செய்கின்றன. லேப் கேட்பது எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக். ஆஃப்செட் அழைப்பிதழுக்குத்தான் சி.எம்.ஒய்.கே. வேண்டும். அதற்குப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் இருக்கிறது. ஓவியம் வரைவதற்கென்று உருவான கிரிட்டாவிலும் முழு சி.எம்.ஒய்.கே. உண்டு.

ஆல்பப் பக்கமும் தமிழ் எழுத்தும்

ஸ்டூடியோக்காரர்கள் உண்மையில் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான். 12×36 ஷீட்டுக்கு என்று விலைக்கு வாங்கிய பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகள் ஹார்ட் டிஸ்க் முழுக்க இருக்கின்றன. அவை ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வடிவம். சாதாரண லேயர்களை ஜிம்ப் திறந்துவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், கிளிப்பிங் மாஸ்க் நிறைந்த டெம்ப்ளேட் என்றால் தடுமாறும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று போட்டோபீ. இவான் குட்ஸ்கிர் என்ற ஒற்றை நிரலாளர் உருவாக்கியது. பிரவுசரில் திறந்தால் ஃபோட்டோஷாப் போன்றே இருக்கும். பி.எஸ்.டி.யை நன்றாகப் புரிந்துகொள்ளும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் திறக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான். படம் வேறெங்கும் ஏற்றப்படுவதில்லை. நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை நடக்கிறது. பாஸ்போர்ட் சைஸ், சின்னச் சின்ன டிசைன் என்று போகும் கடைகளுக்கு இது மட்டுமே போதும். ஆனால் 300 டி.பி.ஐ.யில் 12×36 ஷீட் என்றால் 10,800×3,600 பிக்சல். அதில் இருபது லேயர் வைத்தால் பிரவுசர் மூச்சு வாங்கும்.

இன்னொன்று அஃபினிட்டி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த செரிஃப் நிறுவனம் 2014-ல் சந்தாவுக்கு எதிராகவே கொண்டுவந்தது. ஒருமுறை விலை, பிறகு எதுவும் இல்லை. 2024 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் கேன்வா அதை விலைக்கு வாங்கியது. 2025 அக்டோபர் 30-ஆம் தேதி படம், ஓவியம், பக்க வடிவமைப்பு மூன்றையும் ஒன்றாக்கி இலவசமாகவே விட்டுவிட்டது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் காசு. ஆல்ப வேலைக்கு இன்றைய நிலையில் ஃபோட்டோஷாப்புக்கு மிக அருகில் வருவது இதுதான். விண்டோஸ், மேக் மட்டும், லினக்ஸுக்கு இல்லை.

எதை இறக்கினாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்துக் கருவியை எடுத்து 'கொடி', 'சேலை', 'ஸ்ரீ' என்று யூனிகோடில் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா, இல்லை இடையில் புள்ளிகளாலான வட்டம் தெரிகிறதா? ஃபோட்டோஷாப்பிலேயே பழைய பதிப்புகளில் தமிழ் உடையும். அதனால்தான் நம் டி.டி.பி. சென்டர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே இத்தனை வருஷம் தங்கிவிட்டன. ஜிம்ப், கட்டற்ற வரைகலைக் கருவியான இன்க்ஸ்கேப் இரண்டிலும் யூனிகோடு தமிழ் பிசகில்லாமல் வருகிறது. ஸ்கிரைபஸிலும் 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து கவலையில்லை. அஃபினிட்டியின் முந்தைய பதிப்புகளில் இந்திய மொழி எழுத்துகள் உடைந்து தெரிவது பயனர்களின் நெடுநாள் குறை. எழுத்து உடைந்தால் கலங்க வேண்டாம். மணமக்கள் பெயரை இன்க்ஸ்கேப்பில் அடித்து, வடிவமாக மாற்றிக் கொண்டுவந்து ஒட்டிவிடலாம். மீரா இனிமை, கவிவனார், பாலூ தம்பி, முக்தா மலர் போன்ற அழகான தமிழ் எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. கடைக்காரர்கள் எழுத்துருவுக்கும் திருட்டு நகலைத் தேட வேண்டியதில்லை.

கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளும் இலவசம்

அஃபினிட்டியைப் பாராட்டிவிட்டு இதையும் சொல்லவேண்டும். ஒரு நிறுவனம் இலவசமாகத் தருவதும், கட்டற்ற மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதும் ஒன்றல்ல. நிக் கலெக்‌ஷன் என்ற அருமையான ஃபில்டர் தொகுப்பின் கதையே போதும். அதைச் செய்த நிக் நிறுவனத்தைக் கூகுள் 2012-ல் வாங்கியது. 149 டாலருக்கு விற்றுவந்ததை 2016-ல் இலவசமாக்கியபோது உலகமே கொண்டாடியது. மறுவருஷமே இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார்கள். பிறகு பிரான்ஸின் டி.எக்ஸ்.ஓ. அதை வாங்கியது, இப்போது மறுபடி விலைக்கு விற்கிறது. சோனி, ஃபியூஜி, நிக்கான் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த கேப்சர் ஒன் எக்ஸ்பிரஸும் 2024 ஜனவரியில் நின்றது.

ஒருமுறை விலை கொடுத்து வாங்குவதிலும் முழு நிம்மதி இல்லை. லைட்ரூம் 6 வாங்கியவர்களின் மென்பொருள் இன்றும் அவர்களுடையதுதான். ஆனால் பிறகு வந்த கேமராக்களின் ராவ் கோப்பு அதற்குத் தெரியாது. (இன்னமும் வைத்திருப்பவர்கள் அடோபியின் இலவச டி.என்.ஜி. கன்வெர்ட்டரில் மாற்றிக்கொண்டு திறக்கலாம்.) ஆனாலும் சந்தாவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். டி.எக்ஸ்.ஓ. போட்டோலேப் இன்றும் இப்படி விற்கிறது. இருட்டில் எடுத்த படத்தைத் தெளிவாக்குவதில் அதற்குப் பெயர். பறவைப் படக்காரர்களுக்கு, பணம் கொடுத்து ஒன்று வாங்கவேண்டுமென்றால், இதைத்தான் சொல்வேன்.

ஜிம்ப்பையும் டார்க்டேபிளையும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. மூல நிரலே வெளியில் இருக்கிறது. இன்றைய குழு கைவிட்டாலும் வேறொரு குழு எடுத்து நடத்தலாம். அதனால் என் யோசனை இதுதான். அஃபினிட்டியில் ஆல்பம் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் ராவ் திருத்தத்தையும் முகத் திருத்தத்தையும் கட்டற்ற கருவியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே இலவசம் நின்றாலும் பக்க வடிவமைப்பை மட்டும்தான் மாற்றவேண்டியிருக்கும்.

போனில் திருத்துகிறவர்களுக்கு

புடவைக்கும் பலகாரத்துக்கும் படம் போடுபவர்களுக்கு கம்ப்யூட்டரே வேண்டாம். ஸ்னாப்சீட் போதும். அதே நிக் நிறுவனம் 2011-ல் செய்தது, இப்போது கூகுளிடம் இருக்கிறது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. முகத்தில் மட்டும், புடவைக் கரையில் மட்டும் வெளிச்சம் கூட்டும் 'செலக்டிவ்' கருவி இதன் உயிர். லைட்ரூமின் மொபைல் ஆப்பிலும் அடிப்படை வசதிகள் காசில்லாமல் கிடைக்கின்றன.

மூன்று நாள் இலவசம் என்று சொல்லி, பிறகு வாரச் சந்தா பிடிக்கும் 'பியூட்டி' ஆப்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஆப்பை டெலீட் செய்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குள் போய் ரத்து செய்யவேண்டும். அம்மாவின் போனையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

விலகும் முன்

சந்தாவை ரத்து செய்யும் முன் சில வேலைகள் உண்டு. லைட்ரூம் கிளாசிக்கில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். திருத்தங்கள், நட்சத்திரக் குறிகள் எல்லாம் எக்ஸ்.எம்.பி. கோப்புகளாக வெளியே எழுதப்படும். நட்சத்திரம், குறிச்சொல், கிராப் போன்றவற்றை டார்க்டேபிள் எடுத்துக்கொள்ளும். நிறத் திருத்தம் முழுவதும் அப்படியே வராது. அதனால் முக்கியமான படங்களை 16 பிட் டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கவும் வெளியே எடுக்கவும் முடியும். ஆனால் டெவலப் பகுதி பூட்டப்படும். ஃபோட்டோஷாப் அப்படியல்ல, மொத்தமாக நின்றுவிடும், எனவே பி.எஸ்.டி. கோப்புகளைப் போட்டோபீயிலோ அஃபினிட்டியிலோ திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டே விலகவேண்டும். மேகத்தில் வைத்த படங்களை முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்குங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியைக் கணக்கில் பார்த்துக் குறித்துவையுங்கள். அந்தத் தேதியையொட்டி ரத்து செய்தால் அபராதம் இருக்காது.

முதல் இரண்டு கல்யாணத்தைப் புதிய கருவியில் செய்யாதீர்கள். ஏற்கெனவே டெலிவரி கொடுத்த பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து, நிதானமாக மறுபடி செய்து பாருங்கள். உங்கள் லேபில் ஒரு 8×12 பிரிண்ட் போட்டுப் பழைய பிரிண்ட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாதது அந்த ஒரு பிரிண்ட்டில் தெரிந்துவிடும்.

எல்லோரும் விலகவேண்டும் என்று சொல்லமாட்டேன். சீசனில் வாரத்துக்கு நாலு கல்யாணம், நாலைந்து டிசைனர்கள் என்று ஓடும் பெரிய ஸ்டூடியோவுக்கு லைட்ரூம் ஆளையும் வானத்தையும் தானாகப் பிரித்தெடுக்கும் வேகம் பணத்துக்குத் தகுந்தது. அந்த விஷயத்தில் கட்டற்ற மென்பொருள்கள் பின்தங்கித்தான் இருக்கின்றன. விளம்பர நிறுவனங்களோடு கோப்புகளைக் கொடுத்து வாங்குபவர்களுக்கும் ஃபோட்டோஷாப் தேவை. அவர்கள்கூட எத்தனை கம்ப்யூட்டருக்குச் சந்தா வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். நாலு பேரும் நாலு சந்தாவில் உட்கார்ந்து கிராப் மட்டும் செய்துகொண்டிருந்தால் மூன்று சந்தா வீண்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. புதிது வாங்கப் பணமில்லை என்றால் அதே மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டு டார்க்டேபிள், ஜிம்ப், இன்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் நான்கையும் ஏற்றிவிடலாம்; நான்கும் அதில் நன்றாக ஓடும். ஆனால் லேபுக்கு அனுப்பும் ஏதாவது ஆர்டர் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருள்கள் பற்றி எழுதிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது.

இந்த மென்பொருள்களுக்கு நாம் திரும்பத் தரக்கூடியது பணம் மட்டுமல்ல. ஜிம்ப்பும் கிரிட்டாவும் நன்கொடை ஏற்கின்றன. முடிந்தவர்கள் தரவேண்டும், சீசன் முடிந்ததும் ஒரு சிறு தொகை போதும். அதைவிட அவர்களுக்குத் தேவையானது ஒன்று நம்மிடம் இருக்கிறது. இவற்றை எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 'ணை' திரையில் உடைந்து நின்றால் அது உடைந்திருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எப்படி வருகிறது, எப்படி வரவேண்டும் என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட்டோடு அவர்களின் பிழைப் பட்டியலில் பதிவு செய்யுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, படம் பேசிவிடும்.